5060 டிஐ என்ற பெயரில் இரண்டு கார்டுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நடக்கும் திருமணங்களையும் கோயில் திருவிழாக்களையும் காணொளியாக எடுத்துக் கொடுப்பது என் தங்கை மகனின் தொழில். அவனுடைய கணினியில் ஆறு ஆண்டுகளாக ஜிடிஎக்ஸ் 1060 என்ற கிராஃபிக்ஸ் கார்டு (படம், காணொளி வேலைகளைக் கவனிக்கும் கார்டு) உழைத்து வந்தது. 4கே கேமரா வாங்கிய பிறகு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. 2025 ஜூலையில், ஓர் இணையச் சந்தையில் ‘ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ’ என்று விற்பனைக்கு வந்திருந்த கார்டை 1,780 ரிங்கிட் கொடுத்து வாங்கினான். மூன்று வாரத்தில் அதைக் கொடுத்துவிட்டு, அதே பெயர் கொண்ட வேறொரு கார்டை வாங்க வேண்டியதாயிற்று. அந்த இரண்டு கார்டுகளையும், இரண்டாவதை விற்ற எங்கள் ஊர்க் கடையையும் பற்றி இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கார்டுகளின் சிப்பை உருவாக்கும் என்விடியா நிறுவனம் 2025 ஏப்ரலில் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்ற ஒரே பெயரில் இரண்டு வகைகளை வெளியிட்டது. 8 ஜிபி நினைவகம் உள்ளதற்கு அமெரிக்காவில் அறிமுக விலை 379 டாலர், 16 ஜிபி உள்ளதற்கு 429 டாலர். சிப் இரண்டிலும் ஒன்றுதான். 4,608 கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 128 பிட் அகலமுள்ள நினைவகப் பாதை, 180 வாட் மின்தேவை என்று மற்ற எல்லாமும் ஒன்றே. ஆகவே இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காணொளி வேலைக்கு வாங்குகிறவனுக்கு இவை ஒரே பொருள் அல்ல என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

விளம்பரத்தின் தலைப்பில் நினைவக அளவு இல்லை. பக்கத்தின் அடியில் படமாக ஒட்டியிருந்த விவரப் பட்டியலில் இருந்தது. கைபேசியில் இரண்டு விரலால் விரித்துப் பார்த்தால்தான் கண்ணுக்குத் தெரியும். மருமகன் விசாரிக்காமல் வாங்குகிறவன் அல்லன். ஒரு வாரம் முழுக்க மதிப்புரைகளைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தான். கார்டு வெளியான வேளையில் வந்த மதிப்புரைகளில் பெரும்பாலானவை 16 ஜிபி வகையைச் சோதித்தவை. அவன் மனத்தில் பதிந்த எண்கள் அந்த வகைக்குரியவை, வீட்டுக்கு வந்ததோ 8 ஜிபி. பெட்டியைப் பிரிக்கும்போது நானும் உடன் இருந்தேன். 5060 டிஐ என்ற எழுத்து என் உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. 8 ஜிபி என்பது மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தது. அன்று அது எங்கள் இருவர் கண்ணிலும் படவே இல்லை.

ஆகஸ்டு தொடக்கத்தில் ஒரு தோட்டக் கோயிலின் தீமிதியை எடுத்திருந்தான். இரவில், நெருப்பு வெளிச்சத்திலும் இரண்டு குழல் விளக்குகளிலும் எடுத்த காட்சிகளில் மணல் தூவியது போலப் புள்ளிகள் நிறைந்திருக்கும். அவற்றைத் துடைக்க டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளில் ஒரு வசதி உண்டு. அது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (காணொளியின் ஒரு தனிப்படத்துக்கும்) முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களைச் சேர்த்து வைத்து ஒப்பிடுவதால் கார்டின் நினைவகத்தை அதிகமாக எடுத்துக்கொள்ளும். கரகம் ஏந்தியவர் குழியில் இறங்கும் காட்சிக்கு வந்ததும் வேலை நின்று, நினைவகம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்புத் தோன்றியது. திரும்பத் தொடங்கினாலும் அதே இடத்தில் நின்றது. இரவு இரண்டு மணிக்கு என்னை அழைத்தான். “மாமா, புதுக் கார்டு கெட்டுப் போச்சு மாமா” என்றான். கார்டில் பழுது ஒன்றும் இல்லை. அந்த வேலைக்கு 8 ஜிபி போதவில்லை, அவ்வளவுதான்.

விளையாட்டுகளில் இந்தக் குறை வேறு விதமாகத் தெரியும். கார்டின் நினைவகம் நிரம்பினால், மிச்சத் தரவு கணினியின் பொது நினைவகத்துக்குத் தள்ளப்பட்டு, தேவைப்படும்போதெல்லாம் கார்டைக் கணினியோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதை வழியாக வந்து போகும். கார்டுக்குள் இருக்கும் நினைவகம் நொடிக்கு 448 ஜிகாபைட் கொடுக்கக்கூடியது. வெளியே செல்லும் பாதையில் 5060 டிஐ எட்டு லேன்களை (தரவு ஓடும் தடங்களை) மட்டுமே பயன்படுத்துகிறது. புதிய மதர்போர்டில் (பாகங்கள் எல்லாம் செருகப்படும் தாய்ப்பலகையில்) அது நொடிக்கு ஏறத்தாழ 32 ஜிகாபைட், மருமகனிடம் இருப்பது போன்ற பழைய பி450 மதர்போர்டில் ஏறத்தாழ 8 ஜிகாபைட்தான். ஆகவே மதர்போர்டு எவ்வளவு பழையதோ அவ்வளவுக்கு 8 ஜிபி வகை அடி வாங்கும். பழைய கணினியில் கார்டை மட்டும் மாற்றி இன்னும் நான்கு ஆண்டு ஓட்டலாம் என்று நினைக்கும் வீடுகள்தான் எங்கள் ஊரில் அதிகம். விலை குறைவு என்று 8 ஜிபி வகையை நாடுகிறவர்களும் அவர்களே.

பெயரை இப்படி வைப்பது நேற்று தொடங்கியதன்று. 2016இல் ஜிடிஎக்ஸ் 1060 வந்தபோது, 6 ஜிபி வகையில் 1,280 கோர்களும் 3 ஜிபி வகையில் 1,152 கோர்களும் இருந்தன. நினைவகம் மட்டுமே குறைவு என்று எண்ணி வாங்கியவர்களுக்குச் சிப்பும் குறைவாகவே கிடைத்தது. ஜிடி 1030 கதை இதைவிட மோசம். 2017இல் ஜிடிடிஆர்5 என்ற வேகமான நினைவகத்தோடு வந்த அந்தச் சிறிய கார்டு நொடிக்கு 48 ஜிகாபைட் கொடுத்தது. அடுத்த ஆண்டே, பெயரில் ஓர் எழுத்தும் மாறாமல், டிடிஆர்4 என்ற மெதுவான நினைவகத்தோடு ஒன்று வந்தது. அதன் வேகம் 16.8 ஜிகாபைட், அதாவது முன்னதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கையில் இருந்ததைத் திரட்டி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் தேடிப் போகும் விலையில் இருந்த கார்டு அது. அதனால்தான் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரில் 12 ஜிபி, 16 ஜிபி என இரண்டு கார்டுகள் அறிவிக்கப்பட்டன. முதலாவது 899 டாலர், இரண்டாவது 1,199 டாலர். 16 ஜிபி வகையில் 9,728 கோர்கள். 12 ஜிபி வகையில் 7,680 கோர்கள், சிப்பே வேறு. எதிர்ப்பு வலுத்ததும் அக்டோபர் 14ஆம் நாள் 12 ஜிபி வகையை வெளியிடப் போவதில்லை என்று என்விடியா பின்வாங்கியது. 2023 ஜனவரியில் அதே கார்டு ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற பெயரில் 799 டாலருக்கு வந்தது. பொருள் மாறவில்லை, பெயர் மட்டுமே மாறியது. விலை 100 டாலர் இறங்கியது. போட்டி நிறுவனமான ஏஎம்டியும் இதற்கு விலக்கு அன்று. 2025 ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 299 டாலருக்கு 8 ஜிபி, 349 டாலருக்கு 16 ஜிபி என்று ஒரே பெயரில்தான் அறிமுகமானது. மடிக்கணினிகளில் குழப்பம் இன்னும் பெரிது. மடிக்கணினிக்கான ஆர்டிஎக்ஸ் 4090இல் இருப்பது மேசைக் கணினியின் 4090 சிப்பே அன்று.

விலையைப் பொறுத்தவரை நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. 2021இல் வந்த 3060இன் அறிமுக விலை 329 டாலர், 2023இல் வந்த 4060க்கு 299 டாலர். மேலோட்டமாகப் பார்த்தால் குறைந்திருக்கிறது. ஆனால் 12 ஜிபி 8 ஆயிற்று, 192 பிட் பாதை 128 ஆயிற்று, 3,584 கோர்கள் 3,072 ஆயின. புதிய சிப்பின் வேகமும் சிப்புக்குள்ளேயே இருக்கும் பெரிய கேஷ் நினைவகமும் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்தன. 170 வாட் கேட்ட இடத்தில் 115 வாட் போதும் என்பதும் மெய்தான். எனினும் பெயரின் கடைசியில் வரும் 60 என்ற எண்ணை நம்பி வருகிறவன் கையில் கிடைக்கும் பொருள் சிறுத்துக்கொண்டே வருகிறது. மேல் வரிசையில் ஏற்றம் வெளிப்படை: 2020இல் 3080க்கு 699 டாலர், 2022இல் 4080க்கு 1,199 டாலர். சிப் உற்பத்திச் செலவு கூடியிருப்பது ஒரு காரணம். செயற்கை நுண்ணறிவு மையங்கள் சிப்புகளையும் நினைவகத்தையும் வாரிக்கொள்வது மற்றொரு காரணம். 2025 இறுதியில் சாதாரணக் கணினி நினைவகத்தின் விலையே அதனால் ஏறியது. இவற்றுக்கு மேல், டாலரில் குறித்த விலையை நாங்கள் ரிங்கிட்டில் சம்பாதித்துக் கட்டுகிறோம்.

இணைய விற்பனையாளரிடம் கேட்டதற்கு, அளவு பக்கத்திலேயே இருக்கிறது, பெட்டியைப் பிரித்த பிறகு திரும்ப எடுக்க முடியாது என்று பதில் வந்தது. பயனீட்டாளரைத் தவறாக வழிநடத்தும் விவரிப்பை 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். விளம்பரத்தில் அளவு எங்கோ எழுதப்பட்டிருந்ததாலும், அடுத்த வாரமே இரண்டு திருமணங்கள் கையில் இருந்ததாலும் நாங்கள் அந்த வழிக்குப் போகவில்லை.

போனது எங்கள் ஊர்க் கடைக்கு. பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைவரிசையில், முன்பக்கம் கைபேசி உறைகளும் பின்பக்கம் பழுது பார்க்கும் மேசையுமாக இருக்கும் சிறிய கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒவ்வொரு கார்டின் மீதும் ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. அதில் கடைக்கார அண்ணன் தடித்த மார்க்கரில் முதலில் ஜிபி அளவையும், அதன்கீழ் நினைவகப் பாதையின் அகலத்தையும், கடைசியாக விலையையும் எழுதியிருந்தார். “பேரு கம்பெனிக்காரன் வச்சது தம்பி, இத நான் எழுதுனது” என்றார். மருமகனிடம், என்ன கேமரா, எவ்வளவு நீளக் காணொளி, எந்த மதர்போர்டு என்று கேட்ட பிறகுதான் பெட்டியையே வெளியே எடுத்தார். 8 ஜிபி கார்டைச் சோதித்துப் பார்த்து 1,450 ரிங்கிட்டுக்கு எடுத்துக்கொண்டார்; 16 ஜிபி வகையின் விலை 2,150. மேற்கொண்டு 700 கட்டினோம். ஆக, மொத்தம் 2,480 ரிங்கிட் செலவாகி, தலைப்பில் விடுபட்ட ஓர் எண்ணுக்காக 330 ரிங்கிட் நட்டம். ஈப்போவில் அதே கார்டு 60 ரிங்கிட் வரை மலிவாகக் கிடைத்திருக்கும். கடையில் சரக்கும் குறைவு, ஞாயிறு அடைப்பு. இருந்தும் அடுத்த கார்டையும் அங்கேதான் வாங்குவேன்.

அன்று மாலையே பழைய மதர்போர்டில் புதிய கார்டைப் பொருத்தினோம். தீமிதிக் காணொளியைத் தொடக்கத்திலிருந்து ஓட்டிவிட்டு, நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் கோட்டைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தோம். கரகம் குழிக்குள் இறங்கும் காட்சியில் அது 11 ஜிபியைத் தாண்டி ஏறி, சற்று நேரம் நின்று, இறங்கியது. வேலை நிற்கவில்லை. மறுநாள் காலை கோயில் தலைவரிடம் பென் டிரைவைக் கொடுத்துவிட்டு வந்தான்.