ஸ்விங் ஹிட்ச்சில் முறுக்குக் கம்பி: திருகோணமலையில் நான் ஏமாந்த கதை

பஜிரோ வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பின்கதவில் ஸ்பெயார் டயர் தொங்கும், கதவு பக்கவாட்டில்தான் திறக்கும். அதற்குப் பின்னால் சைக்கிள் ராக்கும் பூட்டினால் ஒரு சாண் கூடத் திறக்காது. நிலாவெளியில் இறங்கித் தண்ணீர்ப் போத்தல் எடுக்க நாலு சைக்கிளையும் கழற்ற வேண்டும். அதற்குத்தான் ஸ்விங் ஹிட்ச். வண்டியின் பின்னடியில் ராக்கைச் செருகும் சதுரக் குழாய்தான் ரிசீவர். அதற்கும் ராக்குக்கும் நடுவில் ஒரு கை மாதிரிப் பூட்டுவார்கள். பூட்டுக் கம்பியை உருவினால் ராக் சைக்கிள்களோடு கேற் போலச் சுழன்று விலகும்.

கண்டி வீதியில் ஒரு கராஜ். "வெளிநாட்டுச் சாமான் சேர், யானையைக் கட்டியும் இழுக்கலாம்" என்றார் பாஸ். 85,000 ரூபாவையும் முதலே எண்ணிக் கொடுத்தேன். அது என் மடத்தனம். வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்காமல் வீட்டுக்கு வந்தது அதைவிடப் பெரிய மடத்தனம். பின்னேரம் போனால் கறுப்புப் பெயின்ட் பளபளக்கிறது, ஸ்டிக்கர் வேறு.

மூன்றாம் கிழமை குச்சவெளிப் பக்கம் போனோம். இறக்கக்கண்டி தாண்டியதும் பின்னால் டக் டக் என்று சத்தம். ராக் ஆடுகிறது, போய்ப் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பி வேகம் எடுத்ததும், பின்னால் மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டியோடு வந்த தம்பி ஹோனை விடாமல் அடித்தார். கண்ணாடியில் பார்க்கிறேன், நாலு சைக்கிளும் வலப்பக்கம் நடு ரோட்டுக்கு விரிந்து நிற்கின்றன! எதிரே பஸ் வரவில்லை, அவ்வளவுதான். "ஐயா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்திருந்தா என்ர தலை போயிருக்கும்" என்றார் தம்பி. என்ன பதில் சொல்ல?

பூட்டுக் கம்பி வளைந்து பாதி வெளியே வந்திருந்தது. சாவியால் பெயின்டைச் சுரண்டினேன். உள்ளே வரி வரியாக இருந்தது. கொங்கிரீட்டுக்குப் போடும் முறுக்குக் கம்பியை வெட்டிச் செருகியிருக்கிறார்கள்! துளை 16 மில்லிமீற்றர், கம்பி 12. அந்த டக் டக் இதுதான். கை சுழலும் போல்ட்டின் தலையும் மொட்டை. இந்த வேலைக்குரிய பலமான போல்ட் என்றால் தலையில் 8.8 அல்லது 10.9 என்று குத்தியிருக்கும்.

எடையையும் பாருங்கள். சைக்கிள் ஒன்று 15 கிலோ, நாலும் 60. ராக்கும் கையும் சேர்ந்தால் நூறை எட்டும். கை போட்டதால் அந்தப் பாரம் வண்டியை விட்டு இன்னும் தள்ளித் தொங்குகிறது. தள்ளத் தள்ள ரிசீவரை நெம்பும். கிறவல் ரோட்டில் அதே பாரம் குதிக்கவும் செய்யும்.

கராஜுக்குப் போனேன். "நீங்கள் ஓவர் லோட் போட்டிட்டீங்கள் சேர்." யானைக் கதையை நினைவுபடுத்தினேன், சிரித்தார். பில்லில் "பின்பக்க வேலை" என்று மட்டும் இருக்கிறது, சாமான் பெயரும் இல்லை, தாங்கும் எடையும் இல்லை. நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்குப் போன் அடித்தேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். எழுதுகிறேன், ஆனால் அந்தப் பில்லை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது?

நீங்கள் பூட்டப் போனால் பில்லில் சாமான் பெயரையும் எடையையும் எழுதச் சொல்லுங்கள். கம்பியை உருவிக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒரு கீறல் போட்டுப் பார்த்தாலும் தப்பில்லை.

வருகிற ஞாயிறு எங்கள் சைக்கிள்கள் மச்சானின் பட்டா லொறியில் கந்தளாய்க்குப் போகின்றன.