ஸ்ட்ரைப்பரா, புளூஃபிஷ்ஷா?

அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்குள் எந்த மீன் உசத்தி என்ற இந்த வழக்கு ஓய்ந்தபாடில்லை. ஸ்ட்ரைப்ட் பாஸ் (செல்லமாக ஸ்ட்ரைப்பர்), புளூஃபிஷ் இரண்டுமே வசந்தத்தில் வடக்கே ஏறி, குளிர் வருமுன் தெற்கே திரும்புபவை. நவம்பரில் நியூ ஜெர்சி கரையோரம் மத்தியின் உறவுக்கார மீனான மென்ஹேடன் கூட்டத்தை இரண்டும் சேர்ந்தே விரட்டிவருவதும் உண்டு.

கடித்தது எது என்பதைத் தங்கூஸே சொல்லிவிடும். இழுத்துக்கொண்டிருந்தது திடீரென லேசாகி, சுருட்டிப் பார்த்தால் முனை கத்தியால் நறுக்கியதுபோல இருக்கிறதா? பெரும்பாலும் புளூஃபிஷ்தான். அதனால்தான் தூண்டில் முள்ளுக்கு முன்னால் கம்பி கட்டுகிறார்கள். கரையேற்றிய பிறகும் வம்பு தீராது. மணலில் கிடந்தபடியே விரலைக் கவ்வப் பார்க்கும். குறடு இல்லாமல் கிட்டே போகாதீர்கள். ஸ்ட்ரைப்பர் அப்படியில்லை. கீழ்த்தாடையைக் கட்டைவிரலால் பிடித்தே தூக்கலாம். விரலில் உப்புத்தாள் தேய்த்த மாதிரி ஒரு சொரசொரப்பு மிஞ்சும், அவ்வளவுதான்.

உருவத்தில் போட்டியே கிடையாது. ஸ்ட்ரைப்பர் சாதனை 2011-இல் கனெக்டிகட்டில் பிடிபட்ட 81.88 பவுண்டு மீன். புளூஃபிஷ்ஷுக்கு 1972-இல் வட கரோலினாவின் ஹட்டராஸில் கிடைத்த 31 பவுண்டு 12 அவுன்ஸ். ஆனால் ஒரே எடையில் இரண்டையும் இழுத்துப் பார்த்தால் கை வலிப்பது புளூஃபிஷ்ஷால்தான்.

ஸ்ட்ரைப்பருக்கு இருக்கும் சிக்கல் வேறு. கடலில் திரிந்தாலும் முட்டையிட ஆற்றுக்குத்தான் போகவேண்டும். அதிலும் செசபீக் விரிகுடா ஆறுகள், ஹட்சன், டெலவேர் என்று சில இடங்களை நம்பியே மொத்தக் கூட்டமும் இருக்கிறது. அங்கே குஞ்சு குறைந்தால் கரை முழுக்கக் காலி. மேரிலாந்து 1985 முதல் 1990 வரை ஸ்ட்ரைப்பர் பிடிப்பதையே நிறுத்திவைத்தது. 1995-இல் மீண்டுவிட்டதாக அறிவித்தார்கள். 2019 மதிப்பீட்டில் மறுபடியும் அளவுக்குமேல் பிடித்துத் தீர்த்துவிட்டோம் என்று தெரிந்தது. 2023-இல் வந்த அவசர விதிப்படி, கடலில் நாளுக்கு ஒன்று, அதுவும் 28 முதல் 31 அங்குலத்துக்குள் இருந்தால்தான் வீட்டுக்கு. அதைவிடப் பெரியவை முட்டைத் தாய்கள், விட்டுவிட வேண்டும். இரை கோத்துப் போட்டால் வட்ட முள் கட்டாயம். மீன் முள்ளை விழுங்காமல் வாயோரத்தில் மாட்டும். அப்படியும், திருப்பி விடுபவற்றில் 9 சதவீதம் செத்துப்போவதாகத்தான் கணக்கு வைக்கிறார்கள். ‘நான் விட்டுவிடுகிறேனே’ என்று பெருமை பேசுகிறவர்கள் (நானும்தான்) இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

புளூஃபிஷ் திறந்த கடலில் முட்டையிடுகிறது, ஆற்றை நம்பி இல்லை. அதற்காக அள்ளிக்கொண்டே இருக்கவும் முடியாது: நாளுக்கு 15 என்றிருந்த வரம்பை 2020-இல் கரைத் தூண்டில்காரருக்கு 3 ஆக்கினார்கள்.

சரி, சட்டிக்கு? ஸ்ட்ரைப்பர் வெள்ளைச் சதை, மென்மையான ருசி, யாரும் குறை சொல்லமாட்டார்கள். புளூஃபிஷ் எண்ணெய் மீன், சீக்கிரம் நாறும் என்று கெட்ட பெயர். அந்தப் பெயர் மீனால் வந்ததில்லை, வாளியில் வெயிலில் போட்டுவைத்தவர்களால் வந்தது. பிடித்த கையோடு செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு, ஐஸுக்குள் புதைத்துவிட்டால் அயிலைப் பிரியர்கள் இதைத்தான் கேட்பார்கள்.

என் ஓட்டு இப்படி: இரவில் பாறையோரம் பொறுமையாக நிற்க ஸ்ட்ரைப்பர், வீட்டுக்குக் கொண்டுபோக புளூஃபிஷ். ஐஸ் பெட்டி இல்லாமல் கிளம்பிய நாளில் மட்டும் இரண்டையும் விட்டுவிடுவேன்.