நீலகிரி ஈரத்துக்கு எந்த டிராப்-அவே ரெஸ்ட்?

காம்பவுண்ட் வில்லுக்கு (நுனிகளில் சக்கரமும் கேபிளும் உள்ள வில்) டிராப்-அவே ரெஸ்ட், அதாவது அம்பைத் தாங்கி, விட்டதும் கீழே சாய்ந்து வழிவிடும் தாங்கி, வாங்கப் போனால் இரண்டு வகை இருக்கும். ஒன்று, வில்லின் சக்கரங்களில் ஓடும் கேபிளில் கயிறு கட்டுவது. கியூ.ஏ.டி. அல்ட்ராரெஸ்ட் எச்.டி.எக்ஸ் இந்த வகையில் பலரும் அறிந்த பெயர். இன்னொன்று, வில்லின் வளையும் கையான லிம்பில் கயிறு கட்டுவது. வேப்பர் டிரெயில் லிம்ப் டிரைவர் அப்படிப்பட்டது. ஹாம்ஸ்கீ டிரினிட்டியையும் லிம்பில் கட்டலாம். சமவெளியில் இரண்டுமே நன்றாக உழைக்கும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் மூடுபனியிலும் சாரலிலும் அம்பு விடுகிறவருக்கு நான் சொல்வது லிம்ப் வகையைத்தான். ரெஸ்ட்டின் உலோகத்தை வைத்துச் சொல்லவில்லை. அந்த ஒற்றைக் கயிற்றை வைத்துச் சொல்கிறேன்.

எளிய கேபிள் வகையில் ஸ்பிரிங், அம்பு உட்காரும் கவையான லாஞ்சரைக் கீழே தள்ளும். நாணை இழுக்கும்போது கீழ்நோக்கி இறங்கும் கேபிள், கயிற்றை இழுத்து லாஞ்சரைத் தூக்கும். இழுப்பின் கடைசி 25 முதல் 50 மி.மீ.க்குள் அது முழுதாக எழ வேண்டும். முன்னமே எழுந்துவிட்டால் மிச்ச இழுப்பின் பாரம் முழுவதும் கயிற்றின் மேல் விழும்: முடிச்சு நழுவும், கேபிள் ஒதுங்கும், விட்ட பிறகு லாஞ்சர் தாமதமாகச் சாயும். பிந்தி எழுந்தால் முழு இழுப்பிலும் அம்பு தன் உயரத்துக்கு வந்திருக்காது. நைலான் கயிறு ஈரம் குடித்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். காலையில் பனியில் சரிபார்த்தது மதிய வெயிலில் மாறி நிற்பது இதனால்தான்.

லிம்ப் வகையில் எல்லாம் தலைகீழ். ஸ்பிரிங் மேலே தள்ளும். சும்மா இருக்கும் வில்லில் லிம்பிலிருந்து வரும் கயிறு லாஞ்சரைக் கீழே பிடித்து வைத்திருக்கும். நாணை இழுத்தால் லிம்ப் வளையும், கயிறு தளரும், லாஞ்சர் தானே எழும். விட்டதும் லிம்ப் பழைய இடத்துக்குப் பாய்ந்து கயிற்றைச் சுண்டிச் சாய்க்கும். நாணோடு அம்பு ஓடும் தூரத்தில் பெரும்பகுதிக்குத் தாங்கல் கிடைக்கிறது. கயிறு சற்று நீண்டால் லாஞ்சர் கொஞ்சம் பிந்திச் சாயும். எழுவதில் கோளாறு வராது. கயிறு அறுந்தே போனாலும் லாஞ்சர் மேலேயே நிற்கும், இறகு உரசினாலும் அன்றைய அம்புகளை விட்டு முடிக்கலாம். பூட்டு லிவர் இல்லாத கேபிள் ரெஸ்ட்டில் கயிறு அறுந்தால் லாஞ்சர் எழவே எழாது.

எச்.டி.எக்ஸ்-க்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதும் உண்டு. லிவரைத் தள்ளினால் லாஞ்சர் எழுந்து பூட்டிக்கொள்ளும். இழுத்த வில்லை விடாமல் மெதுவாக இறக்கினாலும் சாயாது. அம்பைச் சுற்றி முழு வளையம் இருப்பதால் அம்பு எங்கும் விழாது. வேட்டைக்காரர்களை மனதில் வைத்துச் செய்த வசதிகள் இவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நமக்கு அந்தப் பயன் இல்லை, இலக்குப் பலகைதான். ஆனால் ஜூன், ஜூலை தென்மேற்குக் காற்றில் தகட்டு ரெஸ்ட்டிலிருந்து அம்பு ஓயாமல் நழுவி விழுவதைப் பார்த்தவர்களுக்கு வளையத்தின் அருமை தெரியும். லிம்ப் வகை வாங்கினாலும் பக்கச் சுவர் உயர்ந்த லாஞ்சராகப் பார்த்து எடுங்கள்.

பொருத்துவதற்கு முன் கருவி. இவை அமெரிக்கத் தயாரிப்புகள், திருகுகள் அங்குல அளவு. ஹார்டுவேர் கடையில் ‘ஒரு செட் ஆலன் கீ’ என்று கேட்டால் கைக்கு வருவது மில்லிமீட்டர் செட். 3/32 அங்குலம் என்பது 2.38 மி.மீ.; அதில் 2.5 நுழையாது, 2 சும்மா சுற்றும். 1/8 என்பது 3.18 மி.மீ.; 3 மி.மீ. கீ நுழையும், இறுக்கும்போது வழுக்கித் திருகின் அறுகோணக் குழியை வட்டமாக்கிவிடும். கோவைக்குப் போகும்போது அங்குல செட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இதைவிடப் பெரிய ஆபத்து போல்ட்டில் இருக்கிறது. ரைசரில் (வில்லின் நடுவில் கைப்பிடி உள்ள பகுதி) ரெஸ்ட் பூட்டும் ஓட்டை 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. போல்ட் தொலைந்தால் 8 மி.மீ. போல்ட்டைப் போட்டுப் பார்க்கத் தோன்றும், ஏனென்றால் தடிமன் கிட்டத்தட்ட ஒன்றே. இரண்டு மரை ஏறும். பிறகு அலுமினிய மரையை அறுத்துக்கொண்டு சிக்கும். ரைசரே போய்விடும். புதிய வில்கள் பலவற்றில் ரைசரின் பின்பக்கம் டவ்டெயில் (புறா வால் வடிவ) பள்ளம் இருக்கும். அதற்கான மாடலா, போல்ட் மாடலா, வலக்கையா இடக்கையா என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

பொருத்தும்போது வில்லை வைஸில் நிறுத்தி, நாண் செங்குத்தாக இருக்கிறதா என்று சிறிய ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ரெஸ்ட்டைப் பூட்டி, போல்ட்டைப் பாதி இறுக்கத்தில் விடுங்கள். இனி எடுக்கும் அளவு எல்லாம் லாஞ்சர் மேலே எழுந்த நிலையில்தான். சாய்ந்த நிலையில் அளந்துவிட்டு நாள் முழுக்க ஏன் ஒத்துவரவில்லை என்று திணறுபவர்கள் அதிகம். கயிறு இன்னும் கட்டாத லிம்ப் ரெஸ்ட் தானே எழுந்து நிற்கும் என்பதால் இந்த வேலை அதில் எளிது.

உயரம்: அம்பின் தண்டு போல்ட் ஓட்டையின் நடுவைக் கடந்து போக வேண்டும்; நாணோடு 90 டிகிரி, அல்லது நாக் (அம்பு நாணைக் கவ்வும் வால்நுனி) பக்கம் அதிகபட்சம் 3 மி.மீ. மேலே. பக்கவாட்டு: ரைசரின் சுவரிலிருந்து அம்பின் நடுவுக்கு 13/16 அங்குலம், அதாவது 20.6 மி.மீ.யில் தொடங்குங்கள். வில் தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே கணக்கு. பிறகு டி-லூப், அதாவது அம்பை இழுத்து விடும் ரிலீஸ் கருவியை மாட்ட நாணில் கட்டும் சிறு வளையம். சுமார் 11 செ.மீ. கயிறு போதும், நுனிகளை லைட்டரில் உருக்கிக் குமிழாக்கி, முடிச்சுகளை எதிரெதிர்ப் பக்கம் வருமாறு போட்டு, பிளையரால் உள்ளிருந்து விரித்து இறுக்குங்கள். குமிழ் சிறியதாக இருந்தால் முழு இழுப்பில் உருவிக்கொண்டு வரும். முகத்துக்கு நேரே நடக்கும் விபத்து அது.

இனி லிம்ப் கயிறு. கட்டும் இடம் லிம்பின் நுனிப் பக்கமாக இருக்கட்டும். அடிப்பகுதி அதிகம் அசையாது. அங்கே கட்டினால் லாஞ்சர் முழுதாக எழாது. ஒட்டுப் பசையில் நிற்கும் கொக்கி சில ரெஸ்ட்டுகளோடு வருகிறது. இந்த ஈரத்தில் அதை நம்ப வேண்டாம். பிளவு லிம்ப்பாக (இரண்டாகப் பிரிந்த கை) இருந்தால் நடுவில் கிளாம்ப் போடுங்கள். லாஞ்சரை முழுதாகக் கீழே அழுத்திப் பிடித்து, கயிற்றில் தொய்வு இல்லாமல் இழுத்து முடிச்சுப் போடுங்கள். சோதனை எளிது: விரலால் லாஞ்சரைத் தூக்கிப் பாருங்கள். எழுந்தால் கயிறு தளர்வு. வீணைத் தந்திபோல் விண்ணென்று நின்றால் அளவுக்கு மீறிய இறுக்கம், ஒவ்வொரு விடுதலும் கயிற்றையும் லாஞ்சர் அச்சையும் அடிக்கும். கயிறு சைட்டிலோ (குறிபார்க்கும் கருவி) கேபிளிலோ உரசாமல் போகிறதா என்றும் பாருங்கள். கூடவே வரும் கயிறு நைலானாக இருந்தால், டி-லூப்புக்கு விற்கும் பாலியஸ்டர் பின்னல் கயிற்றை மாற்றிப் போட்டுவிடுங்கள். சின்னச் செலவு, பாதித் தொல்லை அதோடு தீரும்.

கேபிள் வகையே வேண்டும் என்பவர்கள், கேபிளின் இழைகளைப் பிரித்துக் கயிற்றைக் கோப்பதுதான் உறுதி என்று கேள்விப்பட்டிருப்பார்கள். உண்மைதான், ஆனால் அதற்கு வில்லை அழுத்திக் கேபிளைத் தளர்த்தும் பவ் பிரஸ் வேண்டும். பிரஸ் இல்லாமல் இழையைப் பிரிக்க முயல வேண்டாம். கிளாம்ப் போட்டு, அதன் கீழே சர்விங் நூலை (நாணைச் சுற்றிக் கட்டும் நூல்) இறுக்கமாகச் சுற்றினால் நழுவாது.

முழு இழுப்பில் சோதிக்க இன்னொருவர் வேண்டும். அம்பைப் பூட்டி, பலகையை நோக்கியே இழுங்கள். அம்பில்லாமல் இழுத்துப் பார்ப்பது கூடாது, கை தவறினால் லிம்ப் உடையும். பக்கத்தில் நிற்பவர் லாஞ்சர் மேல் தடையைத் தொடுகிறதா, கயிறு தளர்ந்து தொங்குகிறதா என்று பார்க்கட்டும். விடும்போது செல்போனில் ஸ்லோமோஷன் எடுத்தால், லாஞ்சர் சாய்ந்த வேகத்தில் எகிறித் திரும்ப எழுகிறதா என்பதும் தெரியும்.

உரசல் சோதனைக்கு முகப் பவுடரை இறகிலும் லாஞ்சரிலும் தூவச் சொல்வார்கள். மூடுபனி நாளில் பவுடர் கட்டிதட்டி ஏமாற்றும். லாஞ்சர் விளிம்பில் லிப்ஸ்டிக் தீற்றினால் உரசிய இறகு தன்னையே காட்டிக்கொடுக்கும். தாள் சோதனையை (விரித்த தாளை அம்பால் துளைத்துக் கிழிசலைப் பார்ப்பது) 2 மீட்டரில், வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் ஏறிய தாள் கோடாகக் கிழியாது, பிய்ந்துபோகும். நாக் மேலே கிழித்தால் ரெஸ்ட்டை அரை மி.மீ. ஏற்றுங்கள் அல்லது லூப்பை இறக்குங்கள். எவ்வளவு மாற்றியும் மேல்கிழிசல் மாறவில்லையென்றால் உயரத்தை விட்டுவிட்டுக் கயிற்றைப் பாருங்கள், லாஞ்சர் பிந்திச் சாய்கிறது. பக்கவாட்டுக் கிழிசலுக்கு ஒரு பக்கம் அரை மி.மீ. நகர்த்துங்கள்; கிழிசல் குறைந்தால் அதே பக்கம், கூடினால் எதிர்ப்பக்கம்.

ஒன்றை ரெஸ்ட்டின் தலையில் போட வேண்டாம். கோவையில் 411 மீட்டர் உயரத்தில் சரியாக இருந்த வில், 2,240 மீட்டர் ஊட்டியில் 50 மீட்டர் இலக்கில் கொஞ்சம் மேலே அடிக்கும். காற்றின் அடர்த்தி இங்கே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. அம்பு வேகத்தை அவ்வளவாக இழப்பதில்லை. சைட்டை நகர்த்துங்கள், ரெஸ்ட்டைத் தொடாதீர்கள்.

லாஞ்சரில் ஒட்டியிருக்கும் ஃபெல்ட் துணிதான் இங்கே முதலில் போகும். நனைந்து ஊறும், டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் விறைத்து நிற்கும், பிறகு உரிந்து விழும். அதற்குப் பதில் இரண்டு கவைகளிலும் ஹீட்-ஷ்ரிங்க் குழாய் மாட்டிச் சூடுகாட்டி ஒட்டவையுங்கள். மற்றவை சின்ன வேலைகள்: நடுத்தர வலிமை உள்ள நீலத் திரெட்லாக்கர் உலோகத் திருகுகளுக்கு மட்டும், பிளாஸ்டிக்கில் படவே கூடாது, லாஞ்சர் அச்சில் கெட்டியான கிரீஸ் வேண்டாம், குளிரில் இறுகி லாஞ்சரை மந்தமாக்கும். மழையில் விட்ட வில்லை அப்படியே பெட்டியில் பூட்டாமல், துடைத்து ஒரு ராத்திரி வெளியே தொங்கவிட்டுப் பிறகு வையுங்கள். கயிற்றை மே மாதக் கடைசியில், தென்மேற்கு மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்; உதிரிக் கயிறு ஒன்றும் லைட்டரும் எப்போதும் பையில் இருக்கட்டும்.