பதினான்கு சென்டிமீட்டர் எலெக்ட்ரா: 1:700 போர்க்கப்பல் மாதிரியுடன் மூன்று ஆண்டுகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில், ஒரு சாண் நீளம்கூட இல்லாத சாம்பல்நிறக் கப்பல் ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நான் முதன்முதலாகக் கட்டிய மாதிரிக் கப்பல் அது. 2022 ஜூனில் தொடங்கி 2023 மார்ச்சில் முடித்தேன். அதற்குப் பிறகு அது மூன்று கோடைகளையும் 2023 டிசம்பர் பெருமழையையும் கண்டுவிட்டது. கட்டி முடித்த கையோடு எழுதப்படும் மதிப்பீடுகள் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் பசையும் பெயின்டும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் எப்படி நிற்கின்றன என்று தமிழில் நான் படித்ததில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது பயன்படும் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது டாமியா நிறுவனத்தின் பிரிட்டிஷ் 'ஈ' வகை நாசகாரிக் கப்பல் (டெஸ்ட்ராயர் எனப்படும் விரைவான சிறு போர்க்கப்பல்), அளவு 1:700, அதாவது அசலில் எழுநூற்றில் ஒரு பங்கு. ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்தைச் சேர்ந்த டாமியா, ஹசேகவா, அவோஷிமா, ஃபுஜிமி ஆகிய நான்கு நிறுவனங்கள் 1971இல் சேர்ந்து தொடங்கிய 'வாட்டர்லைன்' வரிசையைச் சேர்ந்தது இது. (ஃபுஜிமி 1992இல் விலகிக்கொண்டது.) பெயருக்கேற்ப, நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் பகுதி மட்டுமே இவ்வரிசையின் கப்பல்களில் இருக்கும், அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் மேசைமேல் வைத்தால் கடலில் மிதப்பது போலவே தோன்றும். முதல் முயற்சிக்கு இது பெரிய வசதி. நீர்மட்டக் கோட்டை நூல்பிடித்தாற்போல வரைய வேண்டிய வேலை இல்லை, தாங்கியும் தேவையில்லை.

நம்மவர்கள் போர்க்கப்பல் என்றதும் எம்டனைத்தான் கேட்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய அந்த ஜெர்மன் கப்பலின் பெயர் இன்றும் நம் பேச்சு வழக்கில் இருக்கிறது. எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் மூன்று புகைபோக்கிகளும் வரிசையாகப் படகுகளும் பத்துப் பீரங்கிகளும் கொண்ட கப்பலை முதல் முறையாகக் கத்தி பிடிக்கிறவர் எடுக்கக் கூடாது என்றே இப்போதும் கருதுகிறேன். இரண்டு புகைபோக்கிகள், நான்கு தனிப் பீரங்கிகள், இரண்டு டார்பிடோ குழாய்த் தொகுதிகள் என்று அடங்கிய நாசகாரியே போதும். அதிலும் 'ஈ' வகைக் கப்பல்களுள் ஒன்றான எலெக்ட்ராவைத் தேர்ந்ததற்கு வீட்டுக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் ஆச்சியின் அண்ணன் பினாங்கில் மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் அந்நகரில் குண்டு போட்டதையும், அதற்கு முந்திய நாள் இரண்டு பெரிய கப்பல்கள் மூழ்கிய சேதி கேட்டுக் கடைத்தெரு அடங்கிப்போனதையும் அவர் சொல்ல ஆச்சி கேட்டு, ஆச்சி சொல்ல நாங்கள் கேட்டோம். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்னும் அவ்விரு கப்பல்களுக்கும் டிசம்பர் 10 அன்று துணையாகச் சென்ற நாசகாரிகளுள் எலெக்ட்ராவும் ஒன்று. ரிபல்ஸிலிருந்து தப்பியவர்களைக் கடலிலிருந்து எடுத்ததில் அதற்குப் பங்குண்டு. அதே ஆண்டு மே 24 அன்று ஹூட் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் வெடித்து 1,415 பேர் மடிந்தபோது, எஞ்சிய மூவரைத் தூக்கியெடுத்ததும் எலெக்ட்ராதான். 1942 பிப்ரவரி 27 அன்று ஜாவாக் கடற்போரில் அது மூழ்கியது; அதன் மாலுமிகளில் 54 பேரை எஸ்-38 என்னும் அமெரிக்க நீர்மூழ்கி மீட்டது. இந்தக் கதைகளைத் தெரிந்துகொண்டு வேலை செய்தபோது, சின்னஞ்சிறு படகைக்கூட அலட்சியமாக ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

இனி அளவு. அசல் கப்பலின் நீளம் ஏறத்தாழ 100 மீட்டர். மாதிரியில் அது 14 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். பத்து மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலம் பதினான்கரை மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. ஓர் ஆள் நின்றால் இரண்டரை மில்லிமீட்டர் உயரம்கூட இருக்கமாட்டார். இந்தக் கணக்கு எல்லோருக்கும் புரியும். எனக்குப் பிந்திப் புரிந்தது இதன் மறுபக்கம்: மாதிரியில் 0.1 மில்லிமீட்டர் என்பது அசலில் ஏழு சென்டிமீட்டர். நாம் பூசும் பெயின்ட், வழியும் பசை, ராவாமல் விட்ட பிசிறு எல்லாம் இந்தக் கணக்குக்குள் வரும். பெரிய அளவு மாதிரியில் கண்ணுக்குத் தெரியாத பெயின்ட் கனம், இங்கே இரும்புத் தகட்டின்மேல் ஒரு கை அகலத்துக்குச் சிமென்ட் பூசியது போல ஆகிவிடும். சின்னக் கப்பல், சீக்கிரம் முடிந்துவிடும் என்று எண்ணித்தான் நான் வாங்கினேன். உண்மையில் இந்த அளவில் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: எதையும் மெல்லியதாகச் செய்யப் பழகுவது. அதற்கே எனக்கு ஒன்பது மாதங்கள் ஆயின.

பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து பாகங்களை நறுக்க ஒருபக்கம் தட்டையான நிப்பர் (நறுக்கும் சிறு குறடு) வேண்டும். நகவெட்டியால் நறுக்கினால் பாகத்தின் ஓரம் பிய்ந்து வெள்ளையாகிவிடுகிறது. பாகத்தை ஒட்ட வெட்டாமல், சிறிது விட்டு வெட்டி, மிச்சத்தைக் கத்தியாலும் பிறகு 800, 1000 எண் உப்புத்தாளாலும் எடுக்க வேண்டும். சிறு பாகங்களைப் பிடிப்பதுதான் கடினம். நான் ட்வீசரை இறுக்க இறுக்கப் பாகம் தெறித்து மேசைக்கு அடியில் போகும். ஒரு பீரங்கிக் குழல் அப்படியே காணாமற் போயிற்று. டவுனில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் கண்ணில் பொருத்தும் லென்ஸ் கேட்டுப் போனபோது என் கஷ்டத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த ட்வீசரை என்னிடம் தந்து, "இறுக்கிப் பிடிக்காதீய தம்பி, முழங்கைய மேசையில ஊனிக்கிட்டு, மூச்ச விட்டுட்டு வையுங்க" என்றார். அதன்பிறகு நான் தொலைத்தது மிகக் குறைவு. பழைய வெள்ளை வேட்டி ஒன்றை மேசையின் விளிம்பிலும் மடியிலுமாக விரித்துக்கொள்வதையும் அப்போதிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன். விழுகிற பாகம் தரைக்குப் போகாது.

பசையைப் பொறுத்தவரை, பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும் மெல்லிய திரவப் பசையே சரியானது. இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து, தூரிகை நுனியால் இணைப்பைத் தொட்டாலே போதும். அது தானாக இடுக்கில் ஓடிவிடும். சித்திரை வெயிலில் மூடி சரியாகத் திருகாத புட்டி ஒரு வாரத்தில் பாதியாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். தெருமுனைக் கடையில் கிடைக்கும் உடனடிப் பசையைப் பொறுமையின்றி இரண்டு இடங்களில் பயன்படுத்தினேன். இணைப்பைச் சுற்றி வெள்ளைப் புகை படிந்தாற்போல ஆயிற்று. அதில் ஒன்று அடுத்த கோடையிலேயே விட்டுப்போயிற்று. கரைத்து ஒட்டிய இணைப்பு ஒன்றுகூட இன்றுவரை அசையவில்லை.

பெயின்ட்தான் என்னை அதிகம் வருத்தியது. முதல் தடவை புட்டியிலிருந்து அப்படியே தூரிகையில் எடுத்துப் பூசினேன். தளத்தின் மேலிருந்த நுண்ணிய கதவு, ஏணி, நங்கூரச் சங்கிலி எல்லாம் அடைபட்டு, கப்பல் களிமண் பொம்மை போலாயிற்று. இரண்டு நாள் அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பின்னர், கொரோனாக் காலத்தில் கை துடைக்க வாங்கி மிஞ்சியிருந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து மெல்லிய பல்துலக்கியால் தேய்த்தபோது அக்ரிலிக் பெயின்ட் முழுவதும் கழன்றுவந்தது; பிளாஸ்டிக்குக்குக் கேடு ஒன்றும் நேரவில்லை. தொடங்குகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். இரண்டாம் முறை மெல்லியாக்கி (தின்னர்) சேர்த்துப் பால்போல் நீர்க்கச் செய்து, நான்கு பூச்சுகளாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி விட்டுப் பூசினேன். நம் ஊர்க் கோடையில் அக்ரிலிக் தூரிகை நுனியிலேயே காய்ந்துவிடும். அதனால் காலை ஆறு மணிமுதல் எட்டு மணிவரையே பூசினேன், உலர்வைத் தாமதப்படுத்தும் திரவத்தில் ஒரு சொட்டும் சேர்த்துக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுப் பூசாமல், தளம், பாலம் (கப்பலை நடத்துவோர் நிற்கும் மேல்மாடம்), புகைபோக்கி, பீரங்கி என்று தனித்தனியாகப் பூசிவிட்டுக் கடைசியில் சேர்ப்பது நல்லது. ஒட்டிய பின் தூரிகை நுழையாத இடங்கள் இந்த அளவில் ஏராளம்.

நிறத்தைக் குறித்தும் ஒரு சொல். தொலைவிலுள்ள பொருள் வெளிறித் தெரியும். அதனால் அசல் சாம்பல் நிறத்தை அப்படியே பூசினால் மாதிரி கனத்துக் கறுத்துத் தோன்றும். நான் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக வெள்ளை கலந்தேன். இன்று பார்க்கையில் இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கலாம்.

எச் 27 என்னும் அடையாள எண்ணுக்குரிய டெக்காலை (நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படலம்) ஒட்டிய பிறகு, ஒளிராத வார்னிஷை ஸ்பிரே புட்டியால் அடித்தேன். அன்று மழை விட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. காற்று ஈரமாக இருந்தது. பத்து நிமிடத்தில் கப்பல் முழுவதும் பனி மூடியதுபோல் வெளுத்துவிட்டது. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் பூச்சுக்குள் படிந்துகொள்வதே இதற்குக் காரணம். உலர்ந்த நாளொன்றில் மறுபடியும் மெல்லிய பூச்சு அடித்ததில் பெரும்பகுதி தெளிந்தது. டார்பிடோ குழாய்களுக்கு அடியில் மட்டும் அந்த வெளுப்பு இன்னும் இருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஸ்பிரே புட்டியைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆடிக்காற்றுக் காலத்தில் ஈரம் குறைவு, ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று தூசியை வாரிக்கொண்டு வரும். நமக்கு வாய்த்தது மாசி, பங்குனிதான்.

பாய்மரம் இல்லாவிட்டாலும், கொடிமரங்களுக்கிடையே வானொலிக் கம்பிகள் ஓடும். பாகங்களைத் தாங்கிய பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை அகல்விளக்குச் சுடருக்கு மேலே உருட்டி, இளகியதும் வெளியே எடுத்து இரு கைகளாலும் இழுத்தால் தலைமுடியினும் மெல்லிய இழை கிடைக்கும். அதுதான் கம்பி. மின்விசிறி ஓடினால் இந்த வேலை நடக்காது. வெக்கையில் விசிறியை நிறுத்திவிட்டு உட்காருவதற்குத் தனி மனவுறுதி வேண்டும் என்பதால் விடியற்காலையில் செய்தேன். ஒட்டிய பிறகு தொய்ந்திருந்தால், கங்குள்ள ஊதுபத்தியைச் சற்று எட்டத்தில் காட்டினால் இழை சுருங்கி விறைக்கும். இன்னும் ஒரு நூல் அளவு நெருங்கினால் அறுந்துவிடும். பிளாஸ்டிக் கொடிமரம் ஒன்று நறுக்கும்போதே முறிந்ததால், 0.3 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியால் புதிதாகச் செய்துகொண்டேன். கணக்கில் அது 21 சென்டிமீட்டர் தடிமன், பிளாஸ்டிக்கைவிட மெல்லியது, உறுதியானது. செய்த மாற்றங்களில் எனக்கு முழு நிறைவு தந்தது இதுவே.

வேதிப்பொருளால் அரித்தெடுத்த பித்தளைத் தகட்டுக் கைப்பிடி வேலிகளை முதல் கப்பலில் நான் சேர்க்கவில்லை. ஒரு மீட்டர் உயரக் கம்பிவேலி இந்த அளவில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. அழகு கூடும் என்பது உண்மை. ஆனால் பூச்சையும் பசையையும் மெல்லியதாக்கக் கை பழகுமுன் அதை ஒட்டினால், வேலியின் அடியில் பசை திட்டுத் திட்டாகத் தெரியும். இரண்டாவது கப்பலில் ஒட்டினேன், அப்போதும் இருமுறை பிடுங்கிப் போட்டேன். கிட்டுக்கு (பாகங்கள் அடங்கிய பெட்டிக்கு) ஆனதைப்போல இருமடங்குச் செலவு கருவிகளுக்கும் பெயின்டுக்கும் ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவை இப்போதும் பயன்படுகின்றன.

கண்ணாடிப் பெட்டியை மீன்தொட்டி செய்கிறவரிடம் சொல்லிச் செய்தேன். சிலிக்கான் பசை காயும்போது புளிக்காடி வாசனையுள்ள ஆவி வரும். அது பூச்சுக்கும் உலோகப் பாகங்களுக்கும் நல்லதல்ல. அதனால் வாசனை அடியோடு போகும்வரை பத்து நாள் திறந்துவைத்த பிறகே கப்பலை உள்ளே வைத்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி பெருகி, எங்கள் பகுதியில் மின்சாரம் நான்கு நாள் இல்லை. சுவரெல்லாம் வியர்த்தது, புத்தகங்கள் அலையடித்தாற்போல வளைந்தன. பெட்டிக்குள் வைத்திருந்த, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நிறம் மாறியிருந்தன. கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு மாறாக, 2024 கோடையில் மேற்குச் சன்னல் வெயில் பெட்டிமீது ஒரு மாதம் விழுந்ததை நான் கவனிக்கவில்லை. கம்பிகளில் இரண்டு தொய்ந்தன, டெக்காலின் ஓரம் லேசாகப் பழுப்பேறியது. பெட்டியை உள்சுவருக்கு மாற்றினேன். ஊதுபத்தியைக் கொண்டு கம்பிகளைச் சரிசெய்தேன். பழுப்பு அப்படியே இருக்கிறது.

இரண்டாவது கப்பலின் வேலை முடிந்துவிட்டது. வார்னிஷ் மட்டும் அடிக்கவில்லை. மாசி பிறக்கட்டும் என்று தூசி படாமல் ஒரு சில்வர் தூக்குச்சட்டியைக் கவிழ்த்து மூடிவைத்திருக்கிறேன்.