நாஸ் பேக்கப் பாஸ்வேர்டு: வருடக்கணக்கில் ஓட்டினால் எங்கெல்லாம் இடறும்

லினக்ஸ் சர்வரிலிருந்து சினாலஜி நாஸுக்கு (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) எஸ்எம்பி ஷேர் (நெட்வொர்க் வழியே பகிரும் ஃபோல்டர்) வழியாக தினமும் இரவு பேக்கப். அமைத்த அன்றே ஓடத் தொடங்கிவிடும். இழுபறி எல்லாம் அந்த ஷேரின் பாஸ்வேர்டில்தான்.

பலரும் அதை எஃப்எஸ்டேப் (எந்த டிஸ்க், ஷேரை எங்கே இணைப்பது என்று லினக்ஸ் படிக்கும் ஃபைல்) வரியிலேயே எழுதிவிடுகிறார்கள். அந்த ஃபைலின் பெர்மிஷன் 644. மெஷினில் லாகின் உள்ள எவரும் படிக்கலாம். முழு அதிகாரமுள்ள ரூட் யூசரின் ஹோம் ஃபோல்டருக்குள் தனி ஃபைல் போட்டு, யூசர்நேம் ஒரு வரி, பாஸ்வேர்டு ஒரு வரி என எழுதி, பெர்மிஷனை 600 (உரியவர் மட்டும் படிக்க, எழுத) ஆக்கி, எஃப்எஸ்டேப்பில் கிரெடென்ஷியல்ஸ் ஆப்ஷனுக்கு அதன் பாதையை மட்டும் கொடுங்கள். பாஸ்வேர்டில் கமா இருந்தாலும் இந்த முறையில் உடையாது. ஃபைலை விண்டோஸில் அடித்துக் கொண்டுவந்தால் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் 'மவுன்ட் எரர் 13' (ஷேரை இணைக்க அனுமதி மறுப்பு) வரும். அந்த எழுத்தை நீக்கும் டாஸ்2யூனிக்ஸ் கமாண்டை ஓட்டினால் தீரும். மவுன்ட் ஆப்ஷனில் ஃபைல்மோட் 0600, டிர்மோட் 0700 போடாவிட்டால், பேக்கப்பை மற்ற யூசர்களும் படிக்கலாம்; பூட்டு பத்திரம், பெட்டி திறந்த கதைதான்.

அந்த ஃபைலையே என்கிரிப்ட் செய்தால் என்ன என்று கேட்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆளில்லாமல் ஓடும் ஸ்கிரிப்டுக்குச் சாவியும் அதே மெஷினில்தானே இருக்க வேண்டும்? ரூட் கைமாறினால் பாஸ்வேர்டும் போனதாகவே கணக்கு. ஆகவே நாஸில் அந்த பாஸ்வேர்டுக்குரிய யூசரின் கையைக் கட்டுவதே வழி: அட்மின் குரூப்பில் இல்லாத தனி யூசர், ஒரே ஷேருக்கு ரீட்-ரைட், டிஎஸ்எம் (நாஸின் இயங்குதளம்) லாகின் மறுப்பு. ஷேர் பிடிஆர்எஃப்எஸ் (ஒருவகை ஃபைல் சிஸ்டம்) வால்யூமில் இருந்தால், பேக்கப் யூசர் தொட முடியாத ஸ்னாப்ஷாட்டுகளை (அந்தந்த நேரத்து நிலையின் பிரதிகள்) நாஸே எடுக்கும்படி அமைக்கலாம். ஆதரிக்கும் மாடல்களில் டிஎஸ்எம் 7.2 முதல், குறித்த நாள் வரை அட்மினாலும் அழிக்க முடியாத ஸ்னாப்ஷாட்டும் உண்டு. டூ-ஃபேக்டர் போட்டாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள். எஸ்எம்பி அந்த இரண்டாவது குறியீட்டைக் கேட்பதே இல்லை.

பாஸ்வேர்டு மாற்றும்போது தவறு அன்றைக்கே தெரியாது. பழைய செஷன் அறுபடும்வரை எல்லாம் ஓடும். ரீபூட்டுக்குப் பிறகு ஆட்டோமவுன்ட் பழைய பாஸ்வேர்டையே திரும்பத் திரும்ப அனுப்ப, தொடர்ந்து தவறும் லாகின்களைத் தடுக்கும் நாஸின் ஆட்டோ பிளாக், சர்வரின் ஐபியைத் தடுத்துவிடும். மவுன்ட் இல்லாததால் ஸ்கிரிப்ட் வெற்று ஃபோல்டரிலேயே எழுதி சர்வரின் சொந்த ரூட் பார்ட்டிஷனை நிரப்பும். மாற்றிய கையோடு அன்மவுன்ட் செய்து மீண்டும் மவுன்ட் செய்து பாருங்கள். மவுன்ட் ஆகாத நிலையில் அந்த வெற்று ஃபோல்டருக்கு 'சிஹெச்ஆட்டர் +ஐ' (chattr +i) கமாண்ட் போட்டுவிட்டால், உள்ளே எதுவும் எழுத முடியாது. ஸ்கிரிப்ட் எரர் காட்டி நின்றுவிடும். பேக்கப் யூசருக்கு பாஸ்வேர்டு காலாவதி விதி பொருந்துகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

போர்க் (என்கிரிப்ட் செய்து பேக்கப் எடுக்கும் மென்பொருள்) பயன்படுத்துகிறவர்கள் கீஃபைல் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், சாவி சர்வரின் ஹோம் ஃபோல்டரில்தான் இருக்கும். டிஸ்க் போனால் சாவியும் போச்சு. பேக்கப்புக்குள் அதன் பிரதி இருந்தும், திறக்க அதே சாவி வேண்டும். 'போர்க் கீ எக்ஸ்போர்ட்' கமாண்டில் பேப்பர் ஆப்ஷன் கொடுத்து அச்செடுங்கள். வரிக்கு வரி செக்சம் (சரிபார்ப்பு எண்) இருப்பதால் கையால் அடிக்கும்போது பிழை உடனே பிடிபடும். சாவியைத் திறக்கும் பாஸ்ஃபிரேஸ் அந்தத் தாளில் வராது. அதை எழுதி வேறிடத்தில் வையுங்கள்.