அவுரிப் பொடி என்று வந்தது அவுரி இல்லை: நரைக்குப் போடுகிறவர்கள் கவனிக்கவும்

நரையைக் கருக்க இன்ஸ்டாகிராமில் அவுரிப் பொடி, அதாவது நீலச் சாயம் தருகிற செடியின் இலைப் பொடி, ஆர்டர் போடப் போகிறவர்கள் ஒரு நிமிடம் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள். போன மாதம் என் அக்காவுக்கு நடந்தது இது.

விற்றவர் லைவில் பேசியதில் முக்கால்வாசி உண்மை. அவுரிக்கு நீலி என்று இன்னொரு பெயர் உண்டு, சித்த வைத்தியத்தில் விஷமுறிவுக்குச் சொல்லப்பட்ட மூலிகை, திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் சாயத்துக்காகப் பயிரிடுகிறார்கள், 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனதே இதை விதைக்கச் சொல்லி விவசாயிகளை வதைத்ததற்காகத்தான் என்றெல்லாம் அடுக்கினார். எதையும் மறுக்க முடியாது. பாக்கெட்டுக்குள் இருந்ததுதான் வேறு.

அவர் சொன்ன ஒரே பொய், "மருதாணி வேண்டாம், ஒரே பூச்சு, அரை மணி நேரத்தில் கருகருவென்று ஆகிவிடும்" என்பது. அவுரி போட்டுப் பழகியவர்கள் இதைக் கேட்டதுமே சிரித்துவிடுவார்கள். அந்த இலையில் நீலம் தயாராக உட்கார்ந்திருக்கவில்லை. இண்டிகன் என்ற பொருள் இருக்கிறது. ஈரம் பட்டு அது உடைந்து, பிறகு காற்றுப் பட்டால்தான் நீலமாக மாறும். வெள்ளை முடியில் அவுரியை மட்டும் தடவினால் நீலமோ பச்சையோ ஏறுமே தவிர கருக்காது. முதலில் மருதாணி போட்டு முடியைச் செம்பட்டையாக்கி, அலசிவிட்டு, அதன் மேல்தான் அவுரி. ஒன்றிரண்டு மணி நேரம் ஊற வேண்டும். கழுவியதும் பச்சையடிக்கும், நன்றாகக் கருக்க இன்னும் ஒரு நாளாவது ஆகும். வேலை மெனக்கெட்ட வைத்தியம்தான். அதனால்தான் "ஒரே பூச்சு" என்றதும் அக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. மறுவாரம் நாத்தனார் வீட்டுக் கல்யாணம் வேறு.

தலை உண்மையிலேயே கருத்தது. அன்று ராத்திரியே காதோரம் அரிப்பு. மறுநாள் நெற்றி விளிம்பெல்லாம் சிவந்து நீர் கோத்துக்கொண்டது. அதற்கடுத்த நாள் காலையில் இமைகள் வீங்கிக் கண் திறக்கவில்லை. தோல் டாக்டர் பார்த்தவுடனே, "டை போட்டீங்களாம்மா?" என்றார். "இல்லைங்க டாக்டர், வெறும் மூலிகைதான்" என்றாள் அக்கா. "அந்த மூலிகைப் பாக்கெட்டைக் கொண்டு வாங்க, பார்ப்போம்."

பிபிடி என்று சுருக்கமாகச் சொல்கிற பாராபினைலின்டையமீன் ஒவ்வாமை அது. கடையில் விற்கிற பெரும்பாலான கறுப்பு டைகளில் இருக்கிற ரசாயனம்தான். முன்பு எப்போதாவது சீக்கிரம் கருக்கிற கறுப்பு மெஹந்தி கோன் போட்டதுண்டா என்றும் டாக்டர் கேட்டார். போட்டிருக்கிறாள். அதிலும் இதைக் கலப்பார்களாம். ஒருமுறை உடம்பு இதை எதிரியாகப் பதிந்துகொண்டால் அடுத்த முறை இப்படித்தான் வெடிக்குமாம். வீக்கம் வடிந்து சில வாரம் கழித்து முதுகில் அந்த ரசாயனத்தை ஒட்டிப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட் செய்தார்கள், உறுதியானது. இனி ஆயுளுக்கும் டை கூடாது. மரத்துப்போகப் போடுகிற சில ஊசி மருந்துகள், சல்ஃபா மாத்திரைகளுக்கு முன்னால்கூட டாக்டரிடம் இதைச் சொல்ல வேண்டும். 349 ரூபாய்ப் பொடிக்கு இவ்வளவு.

மிச்சப் பொடியை வீட்டில் சோதித்துப் பார்த்தேன். நான் வழக்கமாக நாட்டு மருந்துக் கடையில் வாங்குகிற அவுரிப் பொடியை ஒரு வெள்ளைக் கிண்ணத்திலும், இதை இன்னொன்றிலும் போட்டு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழைத்தேன். கடைப் பொடி பச்சைச் சேறாக இருந்தது, பட்டாணி வெந்த வாசனை. கால் மணி நேரத்தில் மேலாக நீலம் படர்ந்தது. டிஷ்யூவில் வைத்த சொட்டின் ஓரம் பச்சையிலிருந்து நீலமாக மாறியது. ஆன்லைன் பொடி முதலில் பளீர் பச்சைத் தண்ணீரைக் கக்கியது. கண் முன்னாலேயே பழுப்பாகிக் கருத்துவிட்டது. மூக்கில் ஏறுகிற நெடி. நீலம் கடைசிவரை வரவே இல்லை. இது ஆய்வகச் சோதனை ஆகாதுதான், ஆனால் இப்படிக் கருக்கிற பொடியை நான் தலையில் வைக்க மாட்டேன்.

விற்றவரிடம் படத்தோடு வாட்ஸ்அப் அனுப்பினோம். "உடம்பில் இருக்கிற கழிவு வெளியேறுது சிஸ்டர், இன்னும் ரெண்டு தடவை போட்டால் சரியாகிடும்" என்று பதில். வயிறு எரிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார். பாக்கெட்டில் தயாரிப்பு உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, முகவரி இல்லை. ஒரு இலைப் படமும் செல்போன் நம்பரும்தான். ரசாயனச் சாயம் கலந்த டை பாக்கெட்டில், "தோல் எரிச்சல் வரலாம், முதலில் சோதித்துப் பாருங்கள்" என்கிற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிடச் சட்டமே சொல்கிறது. மூலிகை என்று எழுதிவிட்டால் அதுவும் மிச்சம் போல.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறோம். இதற்குள் அதே வீடியோ, அதே குரல், வேறு பெயரில் ஓடுகிறது. விலை மட்டும் 299 ஆகிவிட்டது. இப்படி ஒரே பூச்சில் கருக்கும் பொடியை ஏற்கெனவே வாங்கியிருந்தால் தலையில் வைக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள், சாட்சிக்கு வேண்டும். போட்டு அரிப்பு வந்தவர்கள் நன்றாக அலசிவிட்டுப் பாக்கெட்டோடு தோல் டாக்டரிடம் போங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கூரியர் கவரையும் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வைத்திருங்கள், புகாருக்கு முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.