1968–82 கார்வெட்: பல வருடம் கூட வைத்திருந்தால்தான் தெரியும் விஷயங்கள்

செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டில் 1968–82-ல் வந்தது மூன்றாம் தலைமுறை. அது துருப்பிடிக்காது என்று விற்பவர் சொன்னால், அந்தப் பேச்சு பாதி உண்மை. வெளி உடல் ஃபைபர்கிளாஸ், அதில் துருவுக்கு வேலை இல்லை. ஆனால் அந்த உடலைத் தாங்குவது இரும்புச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம். முன் கண்ணாடியையும் கதவுகளையும் பிடித்து நிற்பது உள்ளே மறைந்திருக்கும் இரும்புக் கூண்டு. அமெரிக்கர்கள் அதைப் ‘பறவைக் கூண்டு’ என்றே அழைக்கிறார்கள். கண்ணாடி ஓரத்துப் பழைய பீடிங் ரப்பர் காய்ந்து வெடித்ததும் மழைத்தண்ணீர் கண்ணாடி ஓரமாக இறங்கி, தூண்களின் அடியில் தேங்கும். வெளியே பெயின்ட் பளபளவென்றிருக்கும், உள்ளே தகடு காகிதமாக உதிரும்.

அதனால் வாங்கும் முன் எஞ்சின் சத்தத்தில் மயங்க வேண்டாம். கண்ணாடித் தூண்களின் உள்பக்க மூடியையும் கால் வைக்கும் இடத்துப் பக்கவாட்டு மூடியையும் கழற்றி, டார்ச் அடித்து, ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் சேஸிஸ் மேலே வளையும் இடத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்க வேண்டும், மந்தமாகக் கேட்டால் துரு உள்ளிருந்து தின்றுவிட்டது. எஞ்சினும் கியர்பாக்ஸும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கூண்டு போன வண்டிக்குக் கண்ணாடியை எடுத்து, வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அந்தச் செலவில் நல்ல வண்டியையே வாங்கிவிடலாம்.

அடுத்தது பிரேக். 1965 முதலே நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், அதாவது சக்கரத்தோடு சுற்றும் தட்டு. அதை இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு காலிப்பரிலும் நான்கு பிஸ்டன். அந்தக் காலத்துக்கு அபாரமான ஏற்பாடு. ஓட்டாமல் நிறுத்தி வைப்பதுதான் அதற்கு எமன். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், பிஸ்டன் நகரும் வார்ப்பிரும்புக் குழிவில் துரு பூக்கும், சீல் கசியத் தொடங்கும். இதற்கு நிரந்தரத் தீர்வு துருப்பிடிக்காத எஃகு உறை போட்ட காலிப்பர். வழக்கமான டாட் 3 ரக பிரேக் ஆயில் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். சிலிக்கான் ஆயிலான டாட் 5 ஈரத்தை இழுக்காது, பெயின்டையும் தின்னாது. ஆனால் பழைய ஆயிலோடு ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது.

ஒரு சொட்டு கசிவும் இல்லாமல் பெடல் மட்டும் நாளுக்கு நாள் கீழே போனால் பலர் மாஸ்டர் சிலிண்டரை (பெடல் அழுத்தும் பிரதான பிரேக் பம்பை) மாற்றுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க்தான். தட்டு கோணலாகச் சுற்றும்போது பிஸ்டன் முன்னும் பின்னும் ஆடும், அந்த ஆட்டத்தில் சீல் உதடு வழியாகக் காற்று உள்ளே போகும். தொழிற்சாலையில் டிஸ்க்கைச் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்போடு ரிவெட் அடித்து, சேர்த்தே கடைந்தார்கள். ரிவெட்டைத் துளைத்துப் புது டிஸ்க் போட்டவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் டயல் இண்டிகேட்டர் வைத்துப் பாருங்கள். ஆட்டம் 0.005 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 0.002-க்குக் கொண்டுவந்தால் நிம்மதி. பின் காலிப்பர் ஒவ்வொன்றிலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என காற்றை வெளியேற்றும் இரண்டு திறப்புகள் உண்டு. உள்ளே இருப்பதை விட்டுவிட்டால் பெடல் பஞ்சு போலத்தான் இருக்கும்.

பின் அச்சிலும் ஒரு மறைவான தேய்மானம் உண்டு. இதில் எஞ்சின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டே சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் வேலை செய்கிறது. டிஃபரன்ஷியலுக்குள் செருகிய இணைப்புத் துண்டான யோக்கின் முனை தேயத் தேய, சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாயும். சரிபார்க்காமல் விட்டால் யோக்கைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் வளையம் கழன்று சக்கரமே வெளியே வரலாம். பின் சக்கரம் சாய்ந்திருந்தால் அலைன்மென்ட் கடைக்குப் போகும் முன் யோக்கைப் பிடித்து உள்ளே வெளியே ஆட்டிப் பாருங்கள்.

மற்றவை சின்னத் தொல்லைகள். மூடியிருக்கும் முகப்பு விளக்கை எழுப்புவது வேக்கம், அதாவது உறிஞ்சு விசை. விளக்கு எழ மறுத்தால் வேக்கம் குழாய்தான் முதல் சந்தேகம். கையால் இயக்கும் வேக்கம் பம்பை ஒவ்வொரு பகுதியாகச் செருகி, வேக்கம் நிற்கிறதா என்று பாருங்கள். மின்சாரக் கோளாறு என்றால் எர்த் வயரைத் தேடுங்கள், ஃபைபர்கிளாஸ் எர்த் ஆகாது. எஞ்சின் சூடேறினால் ரேடியேட்டரைச் சுற்றியுள்ள நுரை சீல்களைப் பாருங்கள். இந்த வண்டி பெரும்பாலும் முகவாய்க்கு அடியிலிருந்துதான் காற்றை இழுக்கிறது. சீல் இல்லையென்றால் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

வண்டியின் வரலாற்றைக் காப்பது வேறு வேலை. 1974-ல் தொடங்கிய தேசிய கார்வெட் மீட்டெடுப்பாளர் சங்கம் ஒவ்வொரு வண்டியையும் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடும். முதல் தர விருதுக்கு 94 சதவீதம் வேண்டும். எஞ்சின் பிளாக்கில் வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் தட்டையான ஒரு சின்ன இடம் இருக்கிறது. எஞ்சின் குறியீடும் வண்டி எண்ணின் ஒரு பகுதியும் அதில்தான் அடிக்கப்பட்டிருக்கும். எஞ்சினைப் பிரிக்கும்போது மேல்தளத்தை ஒரு சுற்று சமன் செய்தால் அந்த எழுத்து மறைந்துவிடும், திரும்பாது. லேத் பட்டறைக்கு அனுப்பும் முன் அந்த இடத்தைப் படமெடுத்து, ‘இங்கே இயந்திரம் படக் கூடாது’ என்று காகிதத்தில் எழுதி பிளாக்கிலேயே ஒட்டிக் கொடுங்கள்.

பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம் தொழிற்சாலைத் தாள் ஒட்டப்பட்டிருக்கும். நிறம், எஞ்சின், விருப்பப் பொருட்கள் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். உபரி டயர் தொட்டியை இறக்கி, டேங்க் பட்டைகளைத் தளர்த்தினால் எட்டிப்பார்க்கலாம். பல வண்டிகளில் ஈரமும் பெட்ரோலும் பட்டு அது மங்கிப் போயிருக்கும். கிடைத்தால் துடைக்காதீர்கள், உரிக்கவும் வேண்டாம். பக்கவாட்டு வெளிச்சம் கொடுத்துப் படமெடுங்கள். டேங்க் ஓட்டையாகி மாற்றினாலும், தாளோடு பழைய டேங்கை அப்படியே எடுத்து வையுங்கள். அடுத்த உரிமையாளருக்குச் சாவியோடு அதையும் கொடுக்க வேண்டும்.